ஈட்டிய ஊருக்கு ஈவது



சென்னீர்குப்பத்திலிருந்து அம்பத்தூர் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்வோர் நம்மிடையே உண்டு. அந்த அம்பத்தூரில் 1966-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது சர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனை. 1949-இல் அங்குச் சைக்கிள் தொழிலைத் தொடங்கிய முருகப்பா குடும்பத்தாரின் அறக்கட்டளை அதனை நடத்துகிறது. அக்குடும்பத்தார் 1977-இல் நிறுவிய ஆய்வு மையம், அறிவியலார் சி.வி. சேஷாத்ரியின் தலைமையில், சூழலைக் கெடுக்காத எளிய தொழில்நுட்பங்களைச் சிற்றூர்களுக்காக ஆராய்ந்தது. குழந்தைகளின் சத்துக்குறைவைப் போக்கச் சுருள்பாசி வளர்க்கும் முறை அவற்றுள் ஒன்று.

அந்நாளில் இவற்றைச் செய்யுமாறு எச்சட்டமும் வற்புறுத்தவில்லை. பெருநிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டை மருத்துவம், சுற்றுச்சூழல் முதலிய பொதுப்பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்னும் விதி 2014 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் நல்லதே. ஆயினும், கணக்கை முடிக்கக் கொடுப்பது வேறு. அக்கறையோடு கொடுப்பது வேறு. ஒருநாள் மருத்துவ முகாம் மறுநாள் மறந்துபோம். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் திறந்திருக்கும் கதவோ நோயாளிக்கு நம்பிக்கை தரும். மேலும், ஏரியில் ஆலைக்கழிவை விட்டுவிட்டு, அதன் கரையில் மரக்கன்று நடுவது அறமாகாது. கெடுக்காதிருத்தல் கடமை; அதற்கு மேல் கொடுப்பதே கொடை.

இது பெருமுதலாளிகளுக்கு மட்டுமா? நம்மிலும் கடை வைத்திருப்போர், பட்டறை நடத்துவோர் உளர். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதிருத்தலும், நோயுற்ற பணியாளரின் கூலியைப் பிடிக்காதிருத்தலும் நம் கைக்கு எட்டியவையே. ஈட்டிய ஊருக்கு நாமும் கடன்பட்டவர்கள் அன்றோ?