நாடி பார்த்த பதினான்கு வருஷம்

2011-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் சில நாட்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. முப்பத்தைந்து அடி நீளமும் ஏறக்குறைய ஆறு டன் எடையும் உள்ள ஓர் உபகிரகம் கீழே விழப்போகிறது என்றும், காற்றில் எரிந்தது போக 26 துண்டுகள் தரைக்கு வந்து சேரக்கூடும் என்றும், அவற்றுள் ஏதேனும் ஒன்று யார் தலையிலேனும் விழுவதற்கு 3,200-ல் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்றும் அமெரிக்காவின் விண்வெளி ஸ்தாபனமான நாஸா கணக்குச் சொல்லிற்று. யார் தலையிலேனும் என்றால், உலகத்திலுள்ள அத்தனை கோடித் தலைகளில் ஏதேனும் ஒன்று என்று பொருள். ஆனாலும் அந்தத் தலை தம்முடையதுதான் என்று பலரும் முடிவு கட்டிவிட்டார்கள்! கடைசியில் செப்டம்பர் 24-ம் தேதி அது பசிபிக் சமுத்திரத்தில் போய் விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. மறுநாள் உலகம் அதை மறந்துவிட்டது.

விழுந்த கதை இருக்கட்டும். நமக்கு அன்று தோன்றியது இதுதான்: அந்த உபகிரகம் பதினான்கு வருஷம் இரவு பகலாய் உழைத்ததே, அப்போது எத்தனை பேர் அதை அண்ணாந்து பார்த்தார்கள்? அதைக் காட்டிலும், அத்தனை காலம் தரையில் உட்கார்ந்து அதன் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எவரேனும் ஒரு வரி எழுதினார்களா? நாம் இந்த வாரம் எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம்.

அதன் பெயர் 'மேல் வாயுமண்டல ஆராய்ச்சி உபகிரகம்'. 1991-ம் வருஷம் செப்டம்பர் 12-ம் தேதி 'டிஸ்கவரி' என்னும் விண்ணோடம் அதைச் சுமந்துகொண்டு கிளம்பி, மூன்று நாள் கழித்துப் பூமிக்கு மேலே ஏறக்குறைய 585 கிலோமீட்டர் உயரத்தில் விட்டுவிட்டு வந்தது. அதனுள் பத்துக் கருவிகள் இருந்தன. சில ஓஸோனையும், அதை அழிக்கும் குளோரின் சேர்ந்த வாயுக்களையும் அளந்தன; சில உயரத்துக் காற்று எந்தத் திசையில் வீசுகிறதென்று பார்த்தன; சில சூரியனிலிருந்து வரும் ஒளியையும் சக்தியையும் எடைபோட்டன. அதற்கு விதித்த ஆயுள் மூன்றே வருஷம்.

அந்தச் சமயத்தில் அப்படி ஓர் உபகிரகம் அவசியமாயிருந்தது. குளிர்பெட்டிகளிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் இருந்து வெளியேறும் குளோரோ புளோரோ கார்பன் என்னும் வாயுக்கள் மேலே சென்று ஓஸோனைத் தின்றுவிடும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-ல் சொன்னார்கள். தென்துருவத்தில் ஓஸோன் பெரிதும் குறைந்துவிட்டதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1985-ல் கண்டு தெரிவித்தார்கள். அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மாண்ட்ரியல் நகரில் தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. உடன்படிக்கை செய்துகொள்வது ஒன்று. அது பலிக்கிறதா என்று பார்ப்பது வேறு. பார்க்க வேண்டுமானால் வருஷக்கணக்கில் அளக்க வேண்டும்.

இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. நம் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை நம்பிப் புறப்பட்டு ரயிலைத் தவறவிட்ட அனுபவம் நேயர்களில் பலருக்கு இருக்கும். ரயில் முந்திவிட்டதா, கடிகாரம் பிந்திவிட்டதா? தெருக்கோடியில் வேறொரு கடிகாரம் இருந்தால் ஒத்துப் பார்க்கலாம். 585 கிலோமீட்டர் உயரத்தில் தெருக்கோடி ஏது? ஓஸோன் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்ததாக ஒரு கருவி சொன்னால், ஆகாயம் மாறியிருக்கிறதா, அல்லது கருவியின் கண்ணாடி சூரிய வெளிச்சத்தில் பட்டுப்பட்டு மங்கியிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாத வரையில் வந்து குவியும் எண்களுக்கெல்லாம் காகித விலைதான் உண்டு.

ஆகையால் அந்த உபகிரகத்தை அமைத்தவர்கள், அளக்கிறவனையே அளப்பதற்குப் பலவித ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். சூரியனின் புற ஊதா ஒளியை அளந்த கருவிகள் இரண்டு. ஒன்று தன்னுடனேயே ஒரு விளக்கைக் கொண்டு போயிற்று. அவ்வப்போது அந்த விளக்கைப் பார்த்துத் தன் பார்வையைச் சோதித்துக்கொண்டது. மற்றொன்று இன்னும் ஒரு படி மேலே போய், பகலில் சூரியனையும் இரவில் சில பிரகாசமான நீல நட்சத்திரங்களையும் பார்த்தது. அந்த நட்சத்திரங்களின் ஒளி ஆயிரக்கணக்கான வருஷங்களிலும் கண்ணுக்குத் தெரிய மாறுவதில்லை. அவையும் மங்கலாகத் தெரிந்தால் குற்றம் தன் கண்ணில்தான் என்று அந்தக் கருவிக்குத் தெரிந்துவிடும். மனிதருக்குள்ளும் இத்தகைய ஏற்பாடு இருந்தால் எவ்வளவோ வழக்குகள் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ந்துவிடும் அல்லவா?

எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது 'ஹாலோ' என்னும் கருவி. வர்ஜீனியா மாகாணத்தில் ஜேம்ஸ் ரஸ்ஸல் என்னும் விஞ்ஞானி அதற்குப் பொறுப்பாயிருந்தார். உபகிரகம் சுமார் 97 நிமிஷத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றியது. ஆகவே அதற்கு ஒரு நாளைக்குப் பதினைந்து உதயம், பதினைந்து அஸ்தமனம்! ஒவ்வோர் அஸ்தமனத்திலும் 'ஹாலோ' முதலில் காற்று குறுக்கிடாத சூரியனைப் பார்க்கும். பிறகு சூரியன் கீழே இறங்க இறங்க, வாயுமண்டலத்தின் அடுக்குகள் வழியாக அதைப் பார்க்கும். இரண்டையும் வகுத்தால் நடுவே எந்த வாயு எவ்வளவு ஒளியை விழுங்கிற்று என்று தெரிந்துவிடும். கருவியின் கண்ணாடி சற்று மங்கியிருந்தாலும் மேலே கண்டதும் கீழே கண்டதும் ஒரே மாதிரி மங்கும். வகுக்கும்போது அந்தக் குறை கழிந்துபோகும். தினந்தோறும் முப்பது தடவை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கடிகாரம் என்று இதைச் சொல்லலாம்.

நிற்க. இவ்வளவு சாமர்த்தியமும் உபகிரகத்தின் தேகஸ்திதி நன்றாயிருக்கும் வரையில்தான். அதைக் கவனிக்கும் இடம் மேரிலாந்து மாகாணத்தில் கிரீன்பெல்ட் என்னும் ஊரிலிருக்கும் காடார்டு நிலையம். உபகிரகம் தான் கண்டதை நாடாவில் பதித்து வைத்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிஷம், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் அஞ்சல் உபகிரகம் ஒன்றின் மூலம் நியூ மெக்ஸிகோவிலுள்ள தரை நிலையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கிரீன்பெல்ட்டுக்கு வரும். ஓஸோன் செய்தியோடு கூடவே வீட்டு விஷயங்களும் வரும்: பாட்டரியின் மின்னழுத்தம் என்ன, எந்தப் பாகத்தில் எவ்வளவு உஷ்ணம், உபகிரகத்தின் முகத்தைத் திருப்பி நிறுத்தும் சக்கரங்கள் எவ்வளவு வேகத்தில் சுழல்கின்றன, சூடேற்றிகள் வேளைக்கு அணைந்து எரிகின்றனவா என்று நூற்றுக்கணக்கான எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. சற்றே மீறினால் திரையில் மஞ்சள். அதற்கும் மேலே போனால் சிவப்பு. சிவப்பைக் கண்டால் நடுநிசியாயிருந்தாலும் பொறியாளர் ஒருவரின் வீட்டு டெலிபோன் அலறும்.

ஆனால் சிவப்பைப் பார்ப்பதற்குப் பெரிய புத்தி வேண்டியதில்லை. வரம்புக்குள்ளேயே இருந்துகொண்டு, சென்ற மாதத்தைவிட இந்த மாதம் ஒரு நூலிழை இறங்கியிருக்கும் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. நல்ல வைத்தியர் ஜுரம் வந்த பிறகு நாடியைப் பிடிப்பதில்லை. நேற்று எப்படித் துடித்தது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.

அன்றாட வேலை என்றால் வேறென்ன? மறுநாள் எந்தக் கருவி எந்த நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளைகளை எழுதிச் சரிபார்த்து மேலே அனுப்புவது ஒரு வேலை. ஏறக்குறைய 36 நாளைக்கு ஒரு முறை உபகிரகத்தை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைப்பது மற்றொன்று. குளிர்ந்த நிலையில் வேலை செய்யும் கருவிகளெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கம் வெயில் படக்கூடாது. உபகிரகத்தின் பாதையோ சூரியனை நோக்க மெள்ள மெள்ளச் சாய்ந்துகொண்டே போகிறது. திருப்பாவிட்டால் சில நாளில் வெயில் நேரே உள்ளே புகுந்துவிடும். இதில் ஒரு கஷ்டமும் உண்டு. திருப்பினால் நுண்ணலைக் கருவி ஒரு மாதம் வட துருவப் பக்கம், மறு மாதம் தென் துருவப் பக்கம் என்று மாறி மாறித்தான் பார்க்க முடியும். தென்கோடியில் ஓஸோன் மளமளவென்று அழியும் நாட்களில் ஒரு பகுதியை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கழிக்க வேண்டும். வேறு வழி இல்லை. அப்படியிருந்தும் 1991 செப்டம்பரிலேயே தென்துருவத்தின் மேல் குளோரின் மோனாக்ஸைடு பெருகியிருந்ததையும், அடுத்த ஜனவரியில் வட பிரதேசத்திலும் அது மிகுந்திருந்ததையும் அந்தக் கருவி படம் பிடித்துக் காட்டிற்று. அந்த ஜூன் மாதம்தான் பிலிப்பைன்ஸ் தீவிலே பினடூபோ எரிமலை வெடித்து மேல் ஆகாயத்தைப் புகையால் மூடியிருந்தது. நுண்ணலை அந்த மூட்டத்தையும் ஊடுருவிப் பார்த்தது.

வருஷம் ஒன்று முடிவதற்குள்ளேயே நோய்கள் தலை காட்டின. 1992 ஜூன், ஜூலை மாதங்களில், சூரியனைத் தொடர்ந்து திரும்ப வேண்டிய மின்தகடு சரியாகத் திரும்பாமல் மக்கர் செய்தது. அதனால் கருவிகளை நாட்கணக்கில் அணைத்து வைக்க நேர்ந்தது. அதே ஜூலையில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் செய்த கருவி ஒன்று ஓய்ந்தது. 1993 ஏப்ரலில் நுண்ணலைக் கருவியின் ஒரு கண், நீராவியைப் பார்த்துவந்த கண், மூடிற்று. மே 5-ம் தேதி, உறைந்த நியானைக் குளிர்ச்சிக்கு வைத்துக்கொண்டிருந்த கருவியின் குளிர்ப்பொருள் தீர்ந்தது. இது மட்டும் நோயன்று. இருபது மாதத்துக்கு மேல் தாங்காது என்று தெரிந்தே வைத்த கட்டுச்சாதம்தான்.

மீதி இருந்தவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை. பாட்டரிகளுக்கு வயதாயிற்று. பெரும்பாலான சுற்றுகளில் ஒரு பகுதி நேரத்தைப் பூமியின் நிழலில் கழிக்க வேண்டும்; அந்நேரம் முழுவதும் பாட்டரி ஒன்றே கதி. எல்லாக் கருவிகளையும் ஒரே சமயத்தில் போஷிக்க முடியாமல், முறை வைத்து ஏற்றி அணைக்க ஆரம்பித்தார்கள். வருமானம் குன்றிய பெரிய குடும்பத்தில் மூத்த மகன் படிப்பா, மகள் கல்யாணமா என்று தீர்மானிக்கிற நிலைமைதான். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் தம் வாழ்நாளில் பாதியை அதற்கே கொடுத்துவிட்ட விஞ்ஞானிகள் இருந்தார்கள். எவர் கருவி இந்த வாரம் உறங்குவது? 1997-ல் நுண்ணலைக் கருவியின் மற்றொரு பகுதியை மின்சாரச் செட்டுக்காகவே அணைத்தார்கள். வெப்பநிலை அறியும் வசதி அதோடு போயிற்று. ஓஸோனும் குளோரினும் அறியும் பகுதி தப்பிற்று. எதை இழந்தாலும் எது நிற்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

இத்தனை கட்டுசெட்டும் எதற்காக என்பது அந்தச் சமயத்தில்தான் விளங்கிற்று. 'ஹாலோ' மேல் ஆகாயத்தில் ஹைட்ரஜன் புளோரைடு வாயுவை அளந்து வந்தது. அந்த உயரத்தில் அதற்கு இயற்கையான பிறப்பிடம் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. மனிதன் செய்த வாயுக்கள் உடைந்துதான் அது உண்டாக வேண்டும். குளோரினையெல்லாம் எரிமலைகளும் கடலுமே அனுப்புகின்றன என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு 1996-ல் வெளியான அந்த அளவுகள் பதிலாயின. பின்னர், ஹைட்ரஜன் குளோரைடின் அளவு 1997-ஐ ஒட்டி உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியது என்று 2000-ல் அறிவித்தார்கள். இறக்கம் மிகவும் சிறியது. மாண்ட்ரியல் உடன்படிக்கை பலிக்கிறது என்று உலகத்துக்குச் சொல்வதா, அல்லது வயதான கருவி ஒன்று தள்ளாடுகிறது என்று சொல்வதா? ஒன்பது வருஷத்து மஞ்சள் சிவப்புக் குறிப்புகளும், உஷ்ணக் கணக்குகளும், உதய அஸ்தமன வகுத்தல்களும் கையில் இல்லாதிருந்தால், அந்தச் சிறு இறக்கத்தை நம்பி ஒருவரும் வாய் திறந்திருக்க முடியாது.

நுண்ணலைக் கருவியின் பதிவு 2001-ல் நின்றது. 'ஹாலோ' மட்டும் விடவில்லை. 2003-ல் கனடா தேசத்தார், சூரிய அஸ்தமனத்தைப் பார்த்தே அளக்கும் தங்கள் உபகிரகத்தை அனுப்பினார்கள். 2004 ஜூலையில் நாஸா 'ஆரா'வை அனுப்பிற்று. புதியவர்களும் பழையவரும் சேர்ந்து ஒரே ஆகாயத்தைப் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் கிடைத்தது. பழைய கடிகாரத்தையும் புதிய கடிகாரங்களையும் ஒத்துப் பார்ப்பதற்கு ஒருவழியாய்த் தெருக்கோடி கிடைத்துவிட்டது!

2005 நவம்பரில் 'ஹாலோ' தன் கடைசி அஸ்தமனத்தைப் பார்த்தது. அதன் பிறகும் கிரீன்பெல்ட்டில் இருந்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. உபகிரகத்தில் மிஞ்சியிருந்த எரிபொருளை எரித்து, பாதையைத் தாழ்த்தினார்கள். அதனால், இன்னும் இருபது வருஷம் அனாதையாய்ச் சுற்றிக்கொண்டு மற்ற உபகிரகங்களின் மேல் மோதும் அபாயம் குறைந்தது. பிறகு டிசம்பர் மாதம் நடுவில், பாட்டரிகளையும் ரேடியோவையும் அணைக்கும்படி கடைசிக் கட்டளையை அனுப்பினார்கள். அடுத்த சுற்றில் அதனிடமிருந்து எண்கள் வரவில்லை.