வண்டி ஓட்டுவது யார்?

வாழ்க்கையை வண்டிக்கும் மனிதனை அதன் ஓட்டுநருக்கும் ஒப்பிடாத மேடைப் பேச்சாளரைக் காண்பது அரிது. "உன் வாழ்க்கை வண்டிக்கு நீயே ஓட்டுநர்! முந்திச் செல், வெற்றி உனதே!" என்று முழங்குவார்கள். அரங்கம் அதிரக் கை தட்டுவோம். இந்த உவமையைச் சொல்வோரின் மனக்கண்ணில் நிற்பது ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் சொந்தக் கார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் கல்லூரிக்கு வருவோரில் பலரும் அறிந்த வண்டி, காலை எட்டு மணிக்குப் படிவரை ஆள் நிறைந்து வரும் நகரப் பேருந்துதான். உவமை சொல்வதானால் அதை வைத்துச் சொல்லிப் பார்ப்போமே!

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஓட்டுதல்' என்பது மோட்டார் வந்த பிறகு பிறந்த சொல்லன்று. ஏர் ஓட்டினோம், மாடு ஓட்டினோம், பிறகுதான் கார் ஓட்டினோம். ஏர் ஓட்டும் உழவன் அமர்ந்திருப்பதில்லை. மாடு நடக்கும் அதே சேற்றில், அதே வெயிலில் அவனும் பின்னால் நடக்கிறான். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள், "ஏதோ காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்" என்கிறார்கள். எவரையும் முந்தும் எண்ணம் அதில் இல்லை. உடன் இருப்பவர்களில் ஒருவரையும் விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு போவதையே அவர்கள் ஓட்டுதல் என்கிறார்கள். (விடுதியில் நண்பர்கள் ஒருவரையொருவர் 'ஓட்டுவது' வேறு கலை. அதை அடுத்த ஆண்டு மலரில் வேறு யாரேனும் எழுதட்டும்.)

இனிப் பேருந்துக்கு வருவோம். அதன் ஓட்டுநர் வண்டிக்குச் சொந்தக்காரர் அல்லர். செல்லும் வழியையும் அவர் வகுக்கவில்லை. நிற்பதும் புறப்படுவதும்கூட நடத்துநரின் விசிலைப் பொறுத்தவை. ஆயினும் ஐம்பது அறுபது உயிர்கள் அவர் கையில். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். வளைவில் வண்டி திரும்பினால் நிற்பவர்கள் ஒரு பக்கம் சாய்கிறார்கள். சட்டென்று பிரேக் பிடித்தால் முன்னால் சரிகிறார்கள். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட நூலில் உள்ள முதல் விதிதான் இது. ஓட்டுநர் மட்டும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. பிடித்துக்கொள்ள அவருக்கு ஸ்டியரிங் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, வளைவு வரப்போவது அவருக்கு முன்பே தெரியும். பின்னால் கீரைக் கூடையோடு நிற்கும் பாட்டிக்குத் தெரியாது. ஆகவே பாட்டி விழாதபடி வளைவில் திருப்புகிறவரையே 'நல்ல டிரைவர்' என்று ஊர் சொல்கிறது. ஐந்து நிமிடம் முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தவரின் பெயரை யாரும் விசாரிப்பதில்லை.

வீடுகளிலும் இதே கதைதான். முடிவு எடுப்பவர் ஒருவர், குலுக்கல் இன்னொருவருக்கு. ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவதென்று ஒரு மாலைப் பொழுதில் பேசி முடித்துவிடுகிறார்கள். அந்த வளைவு வருவது அவளுக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. மாணவர்களாகிய நம் கையிலும் ஒரு ஸ்டியரிங் உண்டு. 'அரியர்' என்பது நமக்கு நான்கெழுத்துச் சொல். வீட்டில் அது இன்னும் ஆறு மாதக் கூலி.

முந்துவதைப் பற்றியும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 5 மீட்டரில் நிற்கும். 60 கி.மீ. வேகமானால் 20 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஆகும் நேரம் இதில் சேரவில்லை. அது ஒரு விநாடியே என்றாலும் அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். இருவழிச் சாலையில் முந்துபவர் எதிரே வருபவரின் பாதையை இரவல் வாங்கித்தான் முந்துகிறார். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவற்றுள் பத்தில் ஏழுக்கு மேற்பட்ட சாவுகளுக்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஒன்றையா இளைஞர்களுக்கு வாழ்க்கை இலக்கணமாகக் கற்பிப்பது?

நம் முன்னோர் தேர் ஓட்டியவர்கள். குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று முல்லைப் பாடலில் ஒரு தலைவன் வருகிறான். கார்காலம் தொடங்கிவிட்டது; காதலி காத்திருக்கிறாள்; அவனுக்கு இருக்கும் அவசரம் நமக்குத் தேர்வு நாளில்கூட இராது. வழியில் சோலைப் பூக்களில் வண்டுகள் தேன் உண்கின்றன. அவை கலங்கிவிடுமே என்று தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் அவன். தேரை நிறுத்தினான் என்று புலவர் சொல்லவில்லை. மணியைத்தான் கட்டினான்.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். "நாற்கரச் சாலையில் முன்பே நெடுந்தூரம் போய்விட்டவர்கள் இருக்கிறார்கள். இப்போதுதான் புறப்படுகிற பிள்ளைகளிடம் 'மெல்லப் போ' என்று சொல்வது நியாயமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நானும் மெல்லப் போகச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் விரைந்துதான் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 வண்டியைப் பாருங்கள். அந்த வேகத்தை எஞ்சின் மட்டும் தருவதில்லை. லாரியும் மாட்டுவண்டியும் சைக்கிளும் ஓரம் கட்டி வழி விடுவதால் வருகிற வேகம் அது. அதை 'அத்தனை பேரையும் முந்திவிட்டது' என்று யாரேனும் சொல்வார்களா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. பாராட்டுபவர்கள், "எல்லோரையும் முந்திவிட்டாயே!" என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. இருவரையும் ஒன்றாகப் படிக்கவைக்க வீட்டில் வசதி இல்லாத ஆண்டில், என் அக்கா பத்தாம் வகுப்போடு நின்று தையல் வேலைக்குப் போனாள். மதிப்பெண் என்னைவிட அவளுக்கே அதிகம். அவள் ஓரம் கட்டினாள், நான் போனேன். நம் வகுப்புகளில் இத்தகைய அக்காமார் இல்லாத வீட்டிலிருந்து வருபவர் எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இந்த ஆண்டு அக்கா பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடிவு செய்திருக்கிறாள். மாலையில் தையல் மெஷினை மூடிவிட்டுக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறாள். எனக்கும் அந்தப் பாடம் புதிது. பற்று எது, வரவு எது என்பதில் அவள் என்னை நேற்று இரண்டு முறை திருத்தினாள். இப்போது இரண்டாம் பாடத்தில் இருக்கிறோம்.