பாரி வளைவில் வழி விடாதவர்கள்

காஞ்சிபுரம் சமவெளி ஊர். தேரோடும் ராஜ வீதிகள் நாலும் தட்டை. இங்கே பைக் ஓட்டிப் பழகிய பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் உடனே கிளம்பும் இடம் ஏலகிரி. வேலூர் வழியாக 150 கி.மீ.க்கு மேல். பொன்னேரியைத் தாண்டியதும் மலைப்பாதை, 14 கொண்டை ஊசி வளைவுகள். அழகான பாதைதான், சந்தேகமில்லை. ஏற ஏறக் கீழே வயல்கள் சதுரம் சதுரமாகச் சுருங்குவதைப் பார்க்கவே போகலாம்.

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர். கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள். அப்புறம் கடையெழு வள்ளல்கள். (யார் யோசனையோ, வாழ்க!) முல்லைக்குத் தேரையே கொடுத்தவன் பாரி. அவன் பெயர் எழுதிய வளைவில், ஏறிவரும் பஸ்ஸுக்கு ஒரு நிமிடம் ஒதுங்கி நிற்க மனசு வராமல் ஹாரன் அடிக்கிறார்கள். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் நின்று, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. 1989 சாலை விதிகளிலும் இருந்தது, 2017-ல் வந்த புதிய விதிகளிலும் இருக்கிறது. லைசென்ஸ் எடுக்க '8' போட்டதோடு சரி, இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இதைவிட மோசம், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது. இன்ஜின் பிடிப்பு போய்விடும், முழு பாரமும் பிரேக் மேல். அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, கடைசியில் பிரேக்கே பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்பது லாரி டிரைவர்களின் பழைய பாடம். மிச்சமாகும் பெட்ரோல் ஒரு டீக்குத் தேறுமா என்பதே சந்தேகம். ஆனாலும் இறங்கும்போதுதான் பின்சீட்டிலிருந்து யோசனை வரும்: "டேய், வண்டியை ஆஃப் பண்ணுடா, அதுவே போகும்!"