தாயத்தை விரட்டியது யார்?

நம் நாட்டு விளையாட்டுகள் அழிந்துவிட்டன என்று மேடைதோறும் ஒப்பாரி வைக்கிறோம். முதலில் சினிமாவின் மீது பழி போட்டோம். பிறகு தொலைக்காட்சியின் மீது. இப்போது செல்போன் மீது. இதை நான் ஒப்புவதற்கில்லை. தாயத்தை விரட்டியது நம் வீட்டுத் தரையே என்பது என் கருத்து.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் திண்ணை இருந்த காலத்தில் தாயக்கட்டத்துக்கென்று பலகை தேவைப்படவில்லை. கரித்துண்டு அகப்பட்டால் கட்டம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தால் பகடை. இன்று திண்ணையை இடித்து முன்கூடம் கட்டிவிட்டோம். பளபளக்கும் டைல்ஸில் கரிக்கோடு இழுக்க எந்த அம்மா சம்மதிப்பார்?

என் ஆயாவுக்கு இரண்டாண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்தது. இனித் தரையில் உட்காரவே கூடாது என்றார்கள். ஆடுபுலியில் எங்கள் தெருவில் அவரை வென்றவர் இல்லை. அவரோ, "இனிமே எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டிலின்மேல் வைத்து ஆடவும், வேண்டாதபோது பிரித்துப் பையில் போடவும் தக்க பலகை ஒன்றைச் செய்யத் துணிந்தது அப்போதுதான்.

முதல் முயற்சி தோல்வி. தாயக்கட்டம் ஏழுக்கு ஏழு, ஆக 49 கட்டம். பலகையை நடுவில் இரண்டாக அறுத்தேன். ஏழு ஒற்றைப்படை எண் என்பதைக் கணித மாணவனாகிய நான் மறந்தேன்! அறுப்பு நடுவரிசையைப் பிளந்துகொண்டு போயிற்று. பழம் சேர வேண்டிய கட்டத்திலேயே காய் சரிந்தது. பிறகு மூன்று பட்டைகளாகச் செய்தேன்: இரண்டு வரிசை, மூன்று வரிசை, இரண்டு வரிசை. கட்டம் இரண்டங்குலம், ஆகவே பட்டைகளின் அகலம் 4, 6, 4 அங்குலம், நீளம் 14 அங்குலம். அரையங்குலப் பலகையின் விளிம்பில் துளையிட்டு மூங்கில் முளை செருகினால் ஆடாமல் நிற்கிறது. திருப்பிப் போட்டால் பின்புறம் ஆடுபுலி: 23 முனை, மூன்று புலி, பதினைந்து ஆடு.

காய்களுக்கு வில்லியனூர்ச் சுடுமண்ணே போதும். புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைத்தொழில் பொம்மைகளோடு நின்றுவிட வேண்டுமா என்ன? கீழடி அகழாய்விலும் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்திருக்கின்றனவே.

பிரித்துச் சேர்க்கும் பலகை மேல்நாட்டுப் புதுமை என்று சிலர் எண்ணக்கூடும். கீல் வைத்து இரண்டாக மடித்து, சோழியை உள்ளேயே போட்டு மூடும் பல்லாங்குழியை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

"தாயம் சூதாயிற்றே" என்பார் உண்டு. காசு வைத்தால்தான் சூது. காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025இல் நடுவண் அரசே சட்டமியற்றித் தடுத்தது. எனக்குத் தாயம் கற்பித்தது நிகழ்தகவை. 0, 1, 2, 3 புள்ளியுள்ள பித்தளைப் பகடைகள் இரண்டை உருட்டினால் விழும் வகை 16. அவற்றில் தாயம் இரண்டே. "எட்டுக்கு ஒண்ணு விழுண்டா, அவசரப்படாத" என்று ஆயா சொன்னபோது சிரித்தேன். தாளில் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

நம் கல்லூரிகளின் விளையாட்டறையில் கேரம் பலகை இருக்கிறது, சதுரங்கம் இருக்கிறது. பக்கத்தில் இந்த மூன்று பட்டைக்கு இடமில்லையா? செலவு அதிகமில்லை, தச்சர் ஒதுக்கிய துண்டுப் பலகையே போதும்.

ஆயாவை இதுவரை ஆடுபுலியில் ஒரே ஒருமுறை வென்றிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணாடி போடவில்லை என்கிறார் அவர்.