முதல் வண்டி யாருக்காக?

நம் குடியிருப்பில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டால் மறுநாளே எழும் கேள்வி, "என்ன வண்டி வாங்கப் போறே?" என்பதுதான். மாடி வீட்டு மராட்டியக்காரர் ஒன்று சொல்வார். கீழ் வீட்டு மாமா ஒன்று சொல்வார். ஊரிலிருந்து மைத்துனர் போனில் ஒன்று சொல்வார். ஓட்டப் போகிறவனை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தத் தவற்றை நானும் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஹிஞ்சவடியில் வேலை கிடைத்தது. கட்கியிலிருந்து தினமும் போய்வர மோட்டார் சைக்கிள் வேண்டும் என்றான். நண்பனின் வண்டியில் நாலு நாள் பழகியதுதான் அவன் அனுபவம். ஷோரூமில் அவன் சிறிய வண்டி ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் 350 சி.சி. வண்டியைக் காட்டினேன். எடை 195 கிலோ.

"அப்பா, கால் நுனிதான் தரையைத் தொடுது" என்றான்.

"பழகினா எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், என் வாலிப வயதில் நான் ஆசைப்பட்டு, வாங்க வசதியில்லாமல் போன வண்டி அது. மகன் பெயரில் என் ஆசையை வாங்கினேன்.

லைசென்ஸ் கையில் வந்து மூன்று வாரம். ஜூன் மாத முதல் மழை. ஏற்றமான சாலையில் சிக்னலுக்காக நின்றான். ஊன்றிய கால் ஈரத்தில் வழுக்க, வண்டி சாய்ந்தது. தாங்க முடியவில்லை. கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கவனியுங்கள், அவன் வேகமாகப் போய் விழவில்லை, நின்றபடி விழுந்தான்.

மைலேஜ் எவ்வளவு என்று கேட்கிற நாம் எடை எவ்வளவு என்று கேட்பதில்லை. 100 சி.சி. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியின் எடை சுமார் 112 கிலோ. புதிதாகப் பழகுகிறவர் தடுமாறினால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். அந்த 80 கிலோ வித்தியாசம்தான் என் மகனின் கணுக்கால்.

ஆகவே, முதல் வண்டியை உடம்புக்கு அளவெடுத்து வாங்குங்கள். தினமும் போடும் செருப்போடோ ஷூவோடோ வண்டியில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் தனியாகப் போடச் சொல்லுங்கள். கிளட்ச் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். இத்தனையும் தேறினால் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

"சின்ன வண்டி ஒரே வருஷத்தில் சலித்துவிடும், இரட்டைச் செலவு" என்பார்கள். நியாயமான பேச்சுதான். அதனால்தான் முதல் வண்டி பழைய வண்டியாக இருக்கட்டும் என்கிறேன். கீறல் விழுந்தாலும் மனம் பதறாது; பழகியபின் பெரிய நஷ்டமில்லாமல் விற்கவும் செய்யலாம். 125 சி.சி.க்கு மேல் வாங்குவதானால், 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டியாகப் பாருங்கள். அது முதல் அவற்றுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் அது காக்கும். மிச்சமாகும் பணத்தில், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட்டை முதலில் வாங்குங்கள்.

இன்னொன்று. ஊரில் என்றால் சித்தப்பாவோ மாமாவோ மைதானத்தில் பின்னாலேயே ஓடிவந்து கற்றுத் தருவார். முன் பிரேக்தான் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கிறது, பயத்தில் கால் பிரேக்கை மட்டும் மிதிக்காதே என்று பத்துத் தடவை சொல்வார். இங்கே நம் பிள்ளைகளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அன்று என் மகனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது.

நம் சங்கத்தில் முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர்கள் பலர் உண்டு. ஞாயிறு காலை ஒரு மணி நேரம், லேர்னர் லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லித் தந்தால் என்ன? முதல் ஆளாக நான் வருகிறேன்.

மகன் இப்போது பழைய 100 சி.சி. வண்டியில் வேலைக்குப் போகிறான். அதிலேயே தங்கையும் பழகுகிறாள். இந்த முறை வண்டியை அவன்தான் தேர்ந்தெடுத்தான். நான் கூடப் போனேன், வாயைத் திறக்கவில்லை.