இராட்டையை மனப்பாடம் செய்த பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல். வகுப்பில் பிள்ளை இருக்கிற வாப்பாமார், உம்மாமார் பொறுமையாக வாசிக்க வேண்டும். முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

போன தவணைப் பரீட்சையில் ஆங்கில இலக்கியத்துக்கு ஒரு கேள்வி போட்டிருந்தேன். ஆர்.கே. நாராயணின் 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' நாவலில் வரும் இராட்டை எதைக் குறிக்கிறது? ஏறத்தாழ எல்லா விடைத்தாளிலும் ஒரே வசனம்: இராட்டை காந்தியக் கொள்கையின் குறியீடு, எளிமை, உண்மை, சுதேசியம். காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. எந்த டியூஷன் நோட்ஸ் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தாராளமாகப் புள்ளி போட்டேன். ஒரு மாணவன் மட்டும், "தான் நல்ல மனிசன் என்று தனக்கே காட்டிக்கொள்ள ஜகன் வைத்திருக்கிற சாமான்" என்ற கருத்தில், பிழை பிழையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். 15க்கு 5 போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று மேசையடிக்கு வந்து மெதுவாகக் கேட்டான்: "ஸேர், இராட்டை உண்மையைக் குறிக்கிறது என்றால், அவர் ஏன் வரிக்குக் காட்டாத காசை வேறாக எடுத்து வைக்கிறார்?"

என்னிடம் பதில் இல்லை. பெல் அடித்தது, தப்பினேன்.

நாவலை வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1967இல் வெளிவந்தது. மால்குடி என்ற கற்பனை ஊர். ஜகன் மிட்டாய்க் கடைக்காரர், மனைவி இல்லை. சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர். தன் கையால் நூற்ற நூலில்தான் உடுப்பு. தானாகச் செத்த மாட்டின் தோலில்தான் செருப்பு. உப்பையும் சீனியையும் விட்டவர், ஆனால் விற்பது மிட்டாய். கடையில் கீதை வாசிப்பார், மூக்கு மட்டும் அடுப்படியில் கொதிக்கிற நெய்யைக் கவனித்துக்கொண்டிருக்கும். பின்னேரம் காசு எண்ணும்போது ஒரு பங்கு கணக்கில் ஏறாது. வரி கட்டுவதைப் பற்றிக் காந்தி ஒன்றும் சொல்லவில்லையே என்று மனசுக்குச் சமாதானமும் வைத்திருக்கிறார்.

இப்போது சொல்லுங்கள், யார் சரியாக வாசித்தது? நோட்ஸை எழுதிய முப்பது பேரா, அந்த ஒருவனா?

நாராயண் ஜகனைக் கள்ளன் என்று சொல்லவில்லை. ஜகன் நூற்பது பொய்யும் இல்லை. காந்தி மேல் அவருக்கிருக்கும் அன்பு மெய். காசு ஒளிப்பதும் மெய். இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே கையில் இருக்கின்றன. இராட்டை ஆழமான குறியீடாவது அதனால்தான். "இராட்டை சமன் காந்தி" என்று எழுதிய உடனே அந்த ஆளே காணாமல் போய்விடுகிறார். தஸ்பீஹ் உருட்டிக்கொண்டே தராசைப் பார்க்கிற கைகளை எங்கட கடைத்தெருவிலும் நாங்கள் கண்டதில்லையா? அந்தக் கேள்வி வந்துவிடும் என்ற பயத்தில்தான் ஒற்றை வரி விடை எங்களுக்கு வசதியாக இருக்கிறது என்று சில நேரம் நினைப்பேன்.

கதை எழுதும் இயந்திரத்தையும் இப்படித்தான் கெடுத்து வைத்திருக்கிறோம். மகன் மாலி அமெரிக்கா போய், கிரேஸ் என்ற பெண்ணோடு திரும்பி வந்து, பொத்தானை அழுத்தினால் கதை எழுதும் இயந்திரம் செய்ய வாப்பாவிடம் முதல் கேட்கிறான். நோட்ஸில் "இயந்திரம் = மேற்குலக மோகம்". சரி, அதுவும் உண்டு. ஆனால் ஜகனும் இயற்கை வைத்தியத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அச்சகத்தில் கொடுத்து வைத்திருக்கிறார். அது அச்சாகிற மாதிரியே இல்லை. அச்சில் வராத புத்தகத்தோடு வாப்பா, எழுதத் தெரியாமலே கதை செய்ய மெஷின் தேடும் மகன். நாராயண் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சிரிக்கிறார். எங்கட விடைத்தாள்களில் மகனுக்கு மட்டும்தான் அடி விழுகிறது.

என்னைக் கேட்டால், அந்த நாவலில் இராட்டையை விடப் பெரிய குறியீடு ஒரு கதவு. மாலியும் கிரேஸும் கலியாணம் முடிக்கவில்லை என்று தெரிந்ததும், வீட்டில் தன் பக்கத்தையும் அவர்கள் பக்கத்தையும் சேர்க்கிற கதவை ஜகன் பூட்டிவிடுகிறார். அதற்கு முன்னும் வாப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசியதே குறைவு. மகனின் செய்தியை 'கசின்' என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவர்தான் கொண்டுவந்து கொடுப்பார். கட்டாரில் இருந்து வந்த மகன் என்ன நினைப்பில் இருக்கிறான் என்பதை டீக்கடையில் வைத்துக் கேள்விப்படுகிற வாப்பாமார் எங்கட ஊரில் எத்தனை பேர்? அந்தக் கதவைப் பற்றி நோட்ஸில் ஒரு வரிகூட இல்லை. பாஸ்ட் பேப்பரில் வரவில்லையாம்.

டியூஷன் ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவில்லை. பரீட்சை நேரம் குறைவு, புள்ளித்திட்டம் இருக்கிறது, பிள்ளைக்கு ஏ வேண்டும். நானும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு "இது = அது" என்று எழுதிக் கொடுத்தவன்தான். ஆனால் இலக்கியத்தில் எங்கள் பிள்ளைகளிடம் கேட்கப்படுவது, ஒரு மனிதனைப் பார்த்து அவன் சொல்வதும் செய்வதும் எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிப்பது. அதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு நான் 5 போட்டேன்.

முடிவில் ஜகன் கடையை விட்டு ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துக்குப் போகிறார். இராட்டையும் கூடப் போகிறது. செக் புத்தகமும் போகிறது! அது துறவா, தப்பி ஓடுவதா? பதினைந்து வருடமாகப் படிப்பிக்கிறேன், ஒவ்வொரு வருடமும் எனக்கு விடை மாறுகிறது.

அவனுடைய விடைத்தாளைத் திரும்ப வாங்கி 12 ஆக்கினேன். மொழிப் பிழைக்கு மூன்று குறைத்தேன், அதில் மாற்றம் இல்லை. வருகிற வியாழன் வகுப்பில் அந்தக் கதவைப் பற்றி எழுதச் சொல்லப் போகிறேன். பிள்ளைகள் நாவலைக் கொண்டு வரட்டும். நோட்ஸ் கொப்பி வீட்டில் இருக்கட்டும். புதன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கதையை உங்களுக்கு ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள். இடையில் "அப்ப அவர் ஏன் அப்படிச் செய்தார்?" என்று மட்டும் கேளுங்கள், போதும்.