சிரிப்பு வாயுவா, இன்ஜின் வேலையா?

சின்னாளப்பட்டி என்றால் சுங்குடிச் சேலை. கார் பைத்தியம் பிடித்த பசங்களுக்கு மட்டும் ஊரை ஒட்டிப் போகும் திண்டுக்கல் - மதுரை நாலுவழிச் சாலைதான் முதலில் ஞாபகம் வரும். அந்த ஊர்த் தம்பி ஒருவருக்கு, வயது 23 என்று வைத்துக்கொள்ளலாம், அப்பாவின் 2010 மாடல் மாருதி 800 கைக்கு வந்திருக்கிறது. சேலை மூட்டை ஏற்றி மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் ஓடி ஓடித் தேய்ந்த கார். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வண்டியை 'பறக்க விட' வேண்டும்.

உடனே இரண்டு யோசனைகள் வந்து நிற்கும். ஒன்று, 2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படத்திலிருந்து இறங்கி வந்தது. டிக்கியில் ஒரு சிலிண்டர், ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன், அமுக்கினால் ராக்கெட். இன்னொன்று, லேத் பட்டறையிலிருந்து வருவது. இன்ஜினை இறக்கு, போர் பண்ணு, ஹெட் வேலை பார். இந்த வாரம் இந்தப் பஞ்சாயத்துதான்.

முதலில் சிலிண்டர். அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்ஸைடு. 1772-ல் ஜோசப் ப்ரீஸ்ட்லி கண்டறிந்த வாயு. 1799-ல் ஹம்ஃப்ரி டேவி அதைத் தானே முகர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்ததால் சிரிப்பு வாயு. 1844-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், வலி தெரியாமல் பல் பிடுங்க இதைப் பயன்படுத்தினார். இன்றும் ஆபரேஷன் தியேட்டரில் நீல நிறச் சிலிண்டரில் நிற்பது இதே வாயுதான். இன்ஜினுக்குள் இது நுழைந்தது இரண்டாம் உலகப் போரில். காற்று மெலிந்த உயரத்தில் மூச்சு வாங்கிய ஜெர்மன் போர் விமானங்களுக்கு இதைத்தான் ஊட்டினார்கள்.

ஏன் இது? இன்ஜினுக்கு பெட்ரோல் எப்போதும் பிரச்னை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். எரிக்கத்தான் காற்று போதாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றில் எடைக்கு 23 சதவிகிதம்தான் ஆக்ஸிஜன். நைட்ரஸில் 36 சதவிகிதம். சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது உடைந்து ஆக்ஸிஜனைக் கக்கும். போதாக்குறைக்கு, திரவமாக உள்ளே பாய்ந்து மைனஸ் 88 டிகிரியில் ஆவியாவதால், உள்ளே போகும் காற்றையும் குளிர வைத்து அடர்த்தியாக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மாருதி 800-ன் இன்ஜின் தருவது 37 ஹெச்.பி. சின்னதாக 25 ஹெச்.பி 'ஷாட்' ஒன்றைச் சேர்த்தால் 62. கேட்கவே எச்சில் ஊறும். ஆனால், 4.5 கிலோ வாயு பிடிக்கிற சிலிண்டர் அந்த வேகத்தில் ஆறேழு நிமிடம்தான் வரும். சின்னாளப்பட்டியில் திறந்தால் திண்டுக்கல் டவுனுக்குள் நுழையும் முன் காலி. (நடுவில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால்.) அப்புறம் மறுபடி 37-தான். நிரப்பிக்கொள்ள பெட்ரோல் பங்க் மாதிரி வழியில் ஒன்றும் கிடையாது. அழுத்த வாயுச் சிலிண்டர் எதுவானாலும் 2016-ம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளின் கீழ் வரும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ'வின் ஒப்புதல் இல்லாத சிலிண்டரை வைத்துக்கொள்வதே தப்பு. தெரிந்த ஆஸ்பத்திரியில் சொல்லி நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் காரைக் காட்டாமல் இருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அது நம்ம ஊர் வெயில்.

நைட்ரஸுக்கு 36.4 டிகிரி ஒரு கோடு. அதற்குக் கீழே அழுத்தத்தில் திரவமாக இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது. கோட்டைத் தொடும்போதே சிலிண்டருக்குள் அழுத்தம் 1,050 பிஎஸ்ஐ. கார் டயரில் அடிப்பது 30-ஐ ஒட்டி. கிட்டைத் தயாரிப்பவர்கள் கணக்குப் போடுவது 900, 950 பிஎஸ்ஐ-யில் திரவம் பாயும் என்று. சித்திரை வெயிலில் மூடிக்கிடக்கும் கார் டிக்கி 36 டிகிரியில் நிற்குமா? வெளியே நிழலிலேயே அதைத் தாண்டும். அப்போது நாஸிலில் பாயும் வாயுவின் அளவு கணக்குப்படி இருக்காது. வாயு கூடிப் பெட்ரோல் பழைய அளவிலேயே பாய்ந்தால் சிலிண்டருக்குள் 'லீன்' ஆகிவிடும். சூடு எகிறும், நாக்கிங் வரும், அலுமினிய பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். அழுத்தம் ரொம்ப ஏறினால் சிலிண்டர் வெடிக்காமலிருக்க அதில் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கும். அது உடைந்து வாயு முழுவதும் மூடிய காருக்குள் கொட்டினால், தோலில் பட்டது உறைபனிப் புண்ணாகும், சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் குறையும். பின் சீட்டில் தங்கச்சி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் தம்பியே யோசித்துக்கொள்ளலாம்.

பட்டனை எப்போது அமுக்குவது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நைட்ரஸ் பாய்வது நொடிக் கணக்கில். இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றினாலும் நொடிக்கு அதே அளவுதான். அப்படியென்றால் 6,000 ஆர்பிஎம்மில் ஒரு ஸ்ட்ரோக்குக்குக் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு, 2,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் இறங்கும். டாப் கியரில் உருட்டிக்கொண்டே பட்டனைத் தட்டினால் கனெக்டிங் ராடு வளைவது அதனால்தான். முழு ஆக்ஸிலரேட்டர், 3,000 ஆர்பிஎம்முக்கு மேல், இக்னிஷன் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்து. இவ்வளவு நிபந்தனைகளும் ஒன்றாகக் கூடிவரும் இடம் ரேஸ் டிராக். அம்பாத்துரைப் பிரிவு அல்ல.

சரி, லேத் பட்டறைக்கு வரலாம். இங்கேயும் ஒரு பழைய நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. 'போர் பண்ணினா பவர் கூடும்ணே' என்று ஊர் ஊருக்குச் சொல்வார்கள். மாருதி 800-ன் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ, ஸ்ட்ரோக் 72 மி.மீ, மூன்று சிலிண்டர். பெருக்கினால் 796 சிசி. அரை மி.மீ போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 808 சிசி. கூடியது வெறும் 12 சிசி, ஒன்றரை சதவிகிதம். பிறகு ஏன் போர் பண்ணி எடுத்த வண்டி 'சும்மா கில்லி மாதிரி' போகிறது? தேய்ந்துபோன சிலிண்டரும் ரிங்கும் கம்ப்ரஷனை ஆயில் சம்ப்புக்குள் கசிய விட்டுக்கொண்டிருந்தன. அது அடைபட்டது. கம்பெனி கொடுத்த 37-ல் பாதி தூரம் காணாமல் போயிருந்தது திரும்பி வந்தது. புதுசாக எதுவும் சேரவில்லை.

உண்மையிலேயே சேர்ப்பது ஹெட் வேலை. வால்வு உட்காரும் இடத்தைச் சுத்தமாக அரைப்பது, காற்று போகும் வழியில் வார்ப்பின் சொரசொரப்பை எடுப்பது, ஹெட்டைக் கொஞ்சம் ஃபேஸ் அடித்து கம்ப்ரஷனை ஏற்றுவது, கேமை மாற்றுவது, எக்ஸாஸ்ட்டைத் திறந்துவிடுவது. இதிலும் எல்லை உண்டு. கம்ப்ரஷனை அதிகமாக ஏற்றினால் சாதாரண பெட்ரோலில் நாக்கிங் அடிக்கும். கேமை ரேஸுக்குப் போட்டால் டிராஃபிக்கில் ஐடிலிங் நிற்காது. எல்லாம் செய்து 37 என்பது 45-ஐத் தொட்டாலே மெக்கானிக் அண்ணன் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். எட்டு ஹெச்.பிக்கு இவ்வளவு செலவா என்றால், ஆமாம். ஆனால், அந்த எட்டு காலையில் சாவி போட்டதும் இருக்கும், சிறுமலை ஏறும்போதும் இருக்கும், வெயிலிலும் இருக்கும்.

இந்த 800 சிசி இன்ஜினை வைத்தே ரேஸ் கார் செய்தவர் கோயம்புத்தூரில் இருந்தார். எஸ்.கரிவரதன். 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட் காருக்குள் இருந்தது இதே மாருதி 800 இன்ஜின்தான். பாடி, கதவு, கண்ணாடி, பின் சீட்டு எல்லாம் போய், தரையோடு தரையாக ஓர் எலும்புக்கூடு. இழுக்க வேண்டிய எடை குறைந்ததும் அந்த இன்ஜின் வேறு இன்ஜின் ஆகிவிட்டது. நரேன் கார்த்திகேயன் முதலில் ரேஸ் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியில்தான், ஸ்ரீபெரும்புதூரில். 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் ஆனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரில்தான் நிற்கிறது. சின்னாளப்பட்டியிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம். வேகம் பிடித்த தம்பிக்கு அங்கே போய்ப் பழகுவது எந்த சிலிண்டரையும்விட ருசிக்கும்.

ஏனென்றால், சாலையில் சட்டம் வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொது இடத்தில் ரேஸ் விட்டால் அதற்குத் தனியாக முதல் முறை மூன்று மாதம் வரை. கம்பெனியே ரிப்பேருக்காகத் தரும் ஓவர்சைஸ் பிஸ்டனை யாரும் மாற்றம் என்று எழுதப்போவதில்லை. டிக்கியில் இருக்கும் சிலிண்டரை எழுதுவார்கள்.

2010 மாடலுக்கு 15 வருடம் முடிந்துவிட்டது என்பதையும் தம்பி மறந்துவிடக் கூடாது. டிஎன் 57 நம்பர் ரெனியூவலுக்காக வண்டியை ஆர்டிஓ முன் நிறுத்த வேண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இந்த மாற்றங்களைத்தான். 12 இன்ச் சக்கரமும், முன்னால் மட்டும் டிஸ்க் பிரேக்கும் உள்ள கார் அது. 37-க்காகச் செய்த பிரேக், 62-ஐ நிறுத்த வேண்டியிருக்கும். நாலுவழிச் சாலையில் மீடியன் இடைவெளியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பவர்களுக்கு அந்தக் கார் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போடத் தெரியாது. 800 என்றால் மெதுவாகத்தானே வரும் என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே, தம்பியின் சேமிப்பில் முதல் செலவு கம்ப்ரஷன் டெஸ்ட். எந்த நல்ல பட்டறையிலும் அந்த கேஜ் இருக்கும். இன்ஜினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் துண்டித்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றி, மூன்று சிலிண்டரின் ரீடிங்கையும் எழுத வேண்டும். மூன்றும் ஒத்துப்போய், கம்பெனி சொன்ன அளவிலும் இருந்தால் இன்ஜினை இறக்கவே வேண்டாம். டியூனிங், பிளக், ஏர் ஃபில்டர், டயர், பிரேக் பார்த்தால் போதும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். முள் ஏறினால் ரிங் போயிருக்கிறது. போர் செலவுக்குத் தயாராகலாம், முடித்த பிறகு முதல் 1,000 கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டவும் தயாராகலாம். ஆயில் ஊற்றியும் முள் அசையாமல் அதே இடத்தில் நின்றால் கோளாறு கீழே இல்லை, மேலே வால்வில். ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.